உழைக்கிற உடம்புக்கு என்ன சட்டை?

புடவைக் கடைக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? முந்தானையை விரித்துக் காட்டச் சொல்கிறோம். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறோம். கசக்கிப் பார்க்கிறோம். சாயம் போகுமா என்று நாலு தடவை கேட்கிறோம். அதே கடையில் வீட்டு ஆண்பிள்ளைகளுக்குச் சட்டை எடுக்கும்போது? "நாற்பது சைஸிலே ஒண்ணு குடுங்க, அழுக்குத் தெரியாத கலரா இருக்கட்டும்." அவ்வளவுதான், பில் போட்டாகிவிட்டது!

ஆபீசுக்குப் போய் மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறவருக்கு இது போதும். காலை எட்டு மணிக்கு வெயிலில் இறங்கி மாலை ஐந்து மணிக்குக் கரையேறுகிறவருக்குப் போதாது. அவருக்குக் குடையும் சட்டைதான், விசிறியும் சட்டைதான். சில வேலைகளில் கவசமும் அதுதான்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். என்னவர் கட்டட மேஸ்திரி. கொழுந்தனார் வெல்டர், கூரை ஷெட் போட ஊர் ஊராகப் போகிறவர். அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) அறுபதைத் தாண்டியும், மஞ்சள் வெட்டவோ கரும்புக்குச் சோகை உரிக்கவோ ஆள் கூப்பிட்டால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். நான் வீட்டோடு தையல் மெஷின் வைத்திருக்கிறேன். ஈரோட்டுப் பக்கம் என்பதால் துணிக்குப் பஞ்சமில்லை. ஆக, மூன்று விதமான வேலைச் சட்டைகளைத் தைத்து, துவைத்து, ஒட்டுப்போட்ட அனுபவம் எனக்கு உண்டு.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாலியெஸ்டர் கலந்த துணி நம் வீடுகளுக்குள் வந்தது ஆண்களுக்காக அல்ல, துவைக்கிற நமக்காக! இங்கிலாந்தில் 1941-ல் வின்ஃபீல்ட், டிக்ஸன் என்ற இரண்டு பேர் கண்டுபிடித்த இழை அது. டெரிலின் என்று பெயர் வைத்தார்கள். நம் ஊருக்கு வந்தபோது டெரிலின் சட்டை போட்டவர் மாப்பிள்ளை மாதிரி நடந்தாராம். பிறகு பருத்தியோடு கலந்து டெரிகாட்டன் வந்தது. மூன்றில் இரண்டு பங்கு பாலியெஸ்டர், ஒரு பங்கு பருத்தி என்பது வழக்கமான கலவை. பெயரில் 'காட்டன்' இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. சுருங்காது, கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம், அரை மணியில் காய்ந்துவிடும், வருஷக்கணக்கில் கிழியாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி துவைக்கிற ஒருத்தி இதை வேண்டாம் என்பாளா? நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துவைக்கிறவளுக்குச் சௌகரியமாக இருப்பது, போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறவருக்கு உபத்திரவமாக இருக்கிறதே! அதைத்தான் பேச வேண்டும்.

ஏன் உபத்திரவம்? வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை. வியர்வை ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். கடும் வேலை செய்கிறவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். அது ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால், உடம்பின் நீரும் உப்பும் போனதுதான் மிச்சம், குளிர்ச்சி கிடைக்காது. பருத்தி இழை காற்றில் இருக்கும் ஈரத்திலிருந்தே தன் எடையில் சுமார் எட்டு சதவீதம் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் சட்டை, உடம்புக்கும் காற்றுக்கும் நடுவில் பிளாஸ்டிக் பை மாதிரி நின்றுவிடும். உள்ளே ஒரே புழுக்கம்.

விளையாட்டுக்காரர்கள் போடுகிற துளைத்துளையான பாலியெஸ்டர் பனியன் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். வாஸ்தவம். அது வியர்வையை மேல்பக்கத்துக்கு இழுத்துப் பரப்புகிற மாதிரி செய்யப்பட்டது. ஓடுகிறபோது, காற்று வீசுகிறபோது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சந்தையில் மலிவாகக் கிடைக்கிற எல்லா டீ-சர்ட்டும் அந்த ரகம் அல்ல. பாலியெஸ்டரில் வியர்வை நாற்றம் ஒட்டிக்கொண்டால் சீக்கிரத்தில் போகவும் போகாது. துவைத்துக் காய்ந்த சட்டையை அடுத்த நாள் போட்ட பத்தாவது நிமிஷம் மறுபடி வீசும்!

2024-ம் வருஷக் கோடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஈரோட்டில் வெயில் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டிக்கொண்டிருந்த நாட்கள். என்னவர் அப்போது ஒரு பெரிய கட்டடத்தில் வேலை பார்த்தார். ஒப்பந்தக்காரர் எல்லோருக்கும் கம்பெனி பெயர் அச்சடித்த கருநீல டீ-சர்ட் இரண்டிரண்டு கொடுத்திருந்தார். முழுக்கப் பாலியெஸ்டர். நெஞ்சிலும் முதுகிலும் ரப்பர் மாதிரி கனத்த அச்சு வேறு. அந்த இடத்தில் காற்றுக்கு வழியே கிடையாது. வாங்கி வந்த அன்றே கையில் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதைப் போட்டுக்கிட்டா தளத்து மேலே நிப்பீங்க?" என்று கேட்டேன். "போடலீன்னா உள்ளே விடமாட்டாங்க" என்றார்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, மேல்தளத்தில் கம்பி சரிபார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நல்லவேளை, ஓரத்தில் இல்லை. கூட இருந்த ஆட்கள் நிழலுக்குத் தூக்கிவந்து, சட்டையைக் கழற்றி, தலையிலும் நெஞ்சிலும் தண்ணீரை ஊற்றி விசிறியிருக்கிறார்கள். கால் மணியில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து, இரண்டு நாள் வெயிலில் போகக் கூடாது என்று அனுப்பினார்கள்.

சட்டை ஒன்றுதான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. அன்று குடிக்கிற தண்ணீர் தீர்ந்துபோய், அடுத்த லாரி வர நேரமாகியிருந்தது. ஆனால் அவரே வீட்டுக்கு வந்து சொன்னது இது: "சட்டையைக் கழட்டுனதும்தான் மூச்சே வந்துது."

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வெயிலில் நிற்கிறவர் சம்பந்தமில்லாமல் உளறினாலோ, நடை தள்ளாடினாலோ, நினைவு தப்பினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ, அது வெறும் மயக்கம் அல்ல, வெப்பத் தாக்கு. உடனே 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை சட்டையை எடுத்துவிட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. விஷயம் அவ்வளவு தூரம் போய்விட்டது.

சரி, என்ன செய்தேன்? ஒப்பந்தக்காரருக்கு வேண்டியது கருநீலம். தூரத்திலிருந்து தன் ஆள் என்று தெரிய வேண்டும். ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு ஆரம்பித்து செவ்வாயும் நடக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் போய் அதே நிறத்துக்கு நெருக்கமான பருத்தி ஷர்ட்டிங் எடுத்துவந்து முழுக்கைச் சட்டை இரண்டு தைத்தேன். கம்பெனி பெயரைச் சின்னதாகப் பையின் மேல் எம்பிராய்டரி போட்டேன். மேலே எப்படியும் மினுமினுப்புப் பட்டை வைத்த வலை ஜாக்கெட் போடுகிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு வார்த்தையும் வரவில்லை. அடுத்த மாதமே இன்னும் ஐந்து பேர் துணியோடு என் வீட்டு வாசலில்!

துணி எடுக்கும்போது நான் செய்கிற சோதனைகளைச் சொல்கிறேன். துணியை வாயருகே வைத்து ஊதுங்கள். மறுபக்கம் உள்ளங்கையில் காற்றுப் பட வேண்டும். ஒரு துளி தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் அது வியர்வையையும் அப்படித்தான் நிறுத்தும். (புதுத் துணியில் பசை இருந்தாலும் முத்தாக நிற்கும், ஓரத்தை நனைத்துக் கசக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.) பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கையைப் பின்னால் வையுங்கள். விரல்களின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் சரி. விரல் ரேகையே தெரிகிற அளவு மெல்லிசாக இருந்தால் வெயிலை உள்ளே விட்டுவிடும், நாலு மாதத்தில் முதுகில் கிழியும். ஒன்றுமே தெரியாவிட்டால் கோடைக்குக் கனம் ஜாஸ்தி.

கடைக்காரர் "ப்யூர் காட்டன்மா" என்று சத்தியம் பண்ணுவார். ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி வீட்டுக்குக் கொண்டுவந்து, கிடுக்கியில் பிடித்து, பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகிற சாம்பல் விடும். பாலியெஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கி உருகி, கறுப்பாகக் கெட்டி மணி மாதிரி உருண்டுவிடும். கலவைத் துணி இரண்டும் காட்டும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது இந்த வேலை வேண்டாம்.

ரேயான் என்ற விஸ்கோஸ் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. வழவழவென்று குளுகுளுவென்று இருக்கும்; பருத்தியைவிட அதிகமாக ஈரம் குடிக்கும். ஆனால் நனைந்தால் பலம் பாதியாகக் குறைந்துவிடும். வியர்த்துக்கொண்டே மூட்டை தூக்குகிறவர் சட்டை எப்போதும் நனைந்துதானே இருக்கும்? அக்குளில் கிழிந்துவிடும். வேலைச் சட்டைக்கு அது ஆகாது. கைத்தறி, கதர் இரண்டும் முரட்டு நூலில் இடைவெளியோடு நெய்தவை கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் பருத்திதான் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. கல், செங்கல் சுமக்கிறவர்களின் சட்டை தோளிலும் வயிற்றிலும் உராய்ந்து உராய்ந்து போகும். வெறும் பருத்தி மூன்று மாதம் தாங்கினால் ஜாஸ்தி. அவர்களுக்குப் பருத்தி பாதிக்கு மேல் உள்ள கலவைத் துணியை நான் ஒப்புக்கொள்வேன். இல்லாவிட்டால் பருத்திச் சட்டையிலேயே தோளில் இரட்டைத் துணி வைத்துத் தைக்கலாம். ஐப்பசி மழையில் ஈரச் சட்டையோடு நாள் முழுக்க நிற்பதைவிட, சீக்கிரம் காய்கிற கலவைத் துணி தேவலை.

ஆனால் நெருப்போடு வேலை என்றால் பேச்சுக்கே இடமில்லை. அடுப்படியில் நைலான் புடவை கட்டாதே என்று நம் அம்மாக்கள் சொன்னார்களே, அதே காரணம்தான். பாலியெஸ்டர் 250 டிகிரியைத் தாண்டினால் உருகும். உருகியது தோலோடு ஒட்டிக்கொண்டு உள்ளே சுட்டுக்கொண்டே இருக்கும். வெல்டிங் பொறி அதைவிடப் பல மடங்கு சூடு. என் கொழுந்தனாரின் பழைய பருத்திச் சட்டையில் பொறி பட்ட இடமெல்லாம் கறுத்த ஓரத்தோடு சின்னச் சின்ன ஓட்டைகள், சல்லடை மாதிரி. அவருடைய கையில் வடு இல்லை. அவரோடு வேலை பார்த்த பையன் ஒருவனுக்கு, வழவழப்பான டீ-சர்ட் உருகி ஒட்டிய வடு தோளில் இன்னும் ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கிறது. பருத்தியும் தீப்பிடிக்கும், மறந்துவிடாதீர்கள். மல் துணி மாதிரி மெல்லிசு பற்றிக்கொண்டு எரியும். அதனால் வெல்டருக்குக் கெட்டியான ட்ரில் அல்லது ஜீன்ஸ் துணி, முழுக்கை. கையை மடித்துவிடக் கூடாது, மூடியில்லாத மேல்பை வைக்கக் கூடாது. பொறி விழுந்து உட்காருகிற இடங்கள் அவை. தைக்கிற நூலும் பருத்தி நூலாக இருக்கட்டும். மின்கம்பி வேலை செய்கிறவர்களுக்கும் செயற்கை இழைத் துணி கூடாது.

நிறத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வெளிர் நிறம் வெயிலைத் திருப்பியடிக்கும் என்பது சரிதான். ஆனால் நனைந்த மெல்லிய வெள்ளைத் துணி, தோலைக் கறுக்க வைக்கிற புற ஊதாக் கதிரை நிறையவே உள்ளே விடும். அரபு நாட்டுப் பாலைவனத்தில் பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி போடுகிறார்களே என்று ஆராய்ந்து பார்த்தவர்கள், 1980-ல் நேச்சர் என்ற அறிவியல் பத்திரிகையில் எழுதினார்கள். கறுப்பு அங்கி அதிக வெப்பத்தை வாங்கினாலும், உடம்புக்குப் போய்ச் சேர்கிற வெப்பம் கறுப்பிலும் வெள்ளையிலும் ஒன்றுதானாம்! அங்கி தொளதொளவென்று இருப்பதால் வெப்பம் உள்ளே இறங்கும் முன் காற்றோடு போய்விடுகிறது. எனக்கு இது பிடித்துப்போயிற்று. நிறத்தைவிடத் தளர்வு முக்கியம். சாம்பல், காக்கி மாதிரி நடுத்தர நிறமாக எடுத்து, தாராளமாகத் தையுங்கள்.

தாராளம் என்றால் எவ்வளவு? வழக்கமான மார்பளவுக்கு மேல் இரண்டு அங்குலம் கூடுதலாக விடுகிறேன். அக்குளைத் தாழ்த்தி வெட்டுகிறேன். கையைத் தூக்கும்போது சட்டை முழுதும் மேலே ஏறக் கூடாது. காலர் தூக்கிவிட்டால் பிடரியை மறைக்க வேண்டும். 36 அங்குல அகலத் துணியானால் முழுக்கைக்கு இரண்டேகாலிலிருந்து இரண்டரை மீட்டர் பிடிக்கும். வெட்டுமுன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துவிடுங்கள். சுருங்குவது முன்னாலேயே சுருங்கிவிடும். மிக்ஸர் மெஷின், தீவனம் நறுக்குகிற மெஷின் பக்கம் நிற்கிறவருக்கு மட்டும் கைமுனையும் கீழ்முனையும் தொங்காமல் பார்த்துத் தைக்க வேண்டும்.

துவைப்பதற்கு வருவோம். கூடுதல் வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. வேலைச் சட்டைக்குக் கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம், வாசனைக்குப் போடுகிற கண்டிஷனரும் வேண்டாம். அது இழை மேல் படிந்து ஈரம் குடிக்க விடாது. வந்த அன்று சாயங்காலமே வெறும் தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த ஒரு அலசலை அவரவரே குளிக்கும்போது செய்துகொள்ளலாம். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் சட்டம்! ஈரச் சிமெண்ட் ஊறிய சட்டையை மட்டும் சாயங்காலம் வரை விட்டுவைக்கக் கூடாது. சிமெண்டின் காரம் தோலைப் புண்ணாக்கும். அங்கேயே கழற்றி, உடம்பையும் கழுவிவிட வேண்டும்.

கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கு இது. வயலுக்கு மருந்து அடித்துவிட்டு வந்த சட்டையை ஒருபோதும் குழந்தைத் துணி ஊறுகிற வாளியில் போடாதீர்கள். வாசலிலேயே கழற்றச் சொல்லுங்கள். கையுறை போட்டுக்கொண்டு தனி வாளியில், முதலில் நிறையத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்புப் போட்டு இரண்டு தடவை துவைத்து, நல்ல வெயிலில் தனிக் கொடியில் காயப்போடுங்கள். வாளியையும் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். தண்ணீர் கலக்காத மருந்தே சட்டையில் கொட்டிவிட்டால் அதைத் துவைக்க முயலாமல் தூக்கி எறிந்துவிடுவதே நல்லது. மருந்து அடிக்கப் போட்ட சட்டை வேறு எதற்கும் வேண்டாம்.

கடைசியாக அத்தையின் சட்டை. காட்டு வேலைக்கும், கட்டட வேலைக்கும், நூறு நாள் வேலைக்கும் போகிற பெண்கள் புடவைக்கு மேலே ஒரு முழுக்கைச் சட்டை போட்டிருப்பதை நீங்கள் தினம் பார்த்திருப்பீர்கள். அது யாருடைய சட்டை? புருஷனோ மகனோ போட்டுத் தள்ளியது. பருத்திச் சட்டை பழசானால் கிழிந்து கைப்பிடித் துணியாகிவிடும். கிழியாமல் மிஞ்சுவது பாலியெஸ்டர்தான். ஆக, வீட்டிலேயே மோசமான துணி, புடவை, ரவிக்கை எல்லாவற்றுக்கும் மேலே அவள் உடம்பில் ஏறுகிறது! நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்திருக்கிறோம்?

என்னவர் ஓரம் கட்டிய அந்தக் கருநீல டீ-சர்ட்டை அத்தை எடுத்து மடித்து வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். "அத்தை, அதை வெச்சிட்டு இங்கே வாங்க, அளவு எடுக்கோணும்" என்றேன். "எனக்கென்னத்துக்கு அம்மிணி புதுச்சட்டை? காட்டுக்குத்தானே போறேன்" என்றார். காட்டுக்குப் போவதால்தான் என்று சொல்லி உட்காரவைத்து அளவெடுத்தேன். பெண்களுக்குத் தைக்கும்போது சில மாற்றங்கள் தேவை. புடவைக் கொசுவத்துக்கு மேலே வருவதால் இடுப்பில் நாலு அங்குலம் கூடுதல், குனிந்து குனிந்து வேலை என்பதால் பின்பக்கம் நீளம், பக்கவாட்டில் வெட்டு. சோகை அறுக்காமல் இருக்கக் கை மணிக்கட்டைத் தாண்டி வர வேண்டும், நுனியில் பட்டன் வைத்துத் தைத்தேன். கழுத்துப் பட்டன் போட்டால் மூச்சு முட்டுகிறது என்றார், அதை எடுத்துவிட்டுச் சின்ன வி-கழுத்தாக மாற்றினேன். துணி, கோடு போட்ட கைத்தறி.

முதல் வாரம் மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார், விசேஷத்துக்குப் போடலாம் என்று! நானே எடுத்து மாட்டிவிட வேண்டியிருந்தது. பங்குனி வெயிலில் மஞ்சள் வெட்டப் போய்வந்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவருடைய கோஷ்டியில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருத்திக்கு வெற்றிலைப் பைக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என்று இரண்டு பை வேண்டும். இன்னொருத்திக்கு அத்தையுடையதைவிடக் கை ஒரு அங்குலம் நீளம். கூலியை வாரக்கடைசியில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். துணி இன்று ஊறிக்கொண்டிருக்கிறது.